‘பழகிவிடும்’ என்கிறார்கள்

வானிலைத் தொலைக்காட்சி ஒன்று தன் திரைத் தோற்றத்தை மாற்றினால் மறுநாளே வசவு வரத் தொடங்கிவிடும். எழுத்து தெரியவில்லை, நிறம் சரியில்லை, எங்கள் ஊரைக் காணோம். மாற்றியவர்கள் இதற்கெல்லாம் கலங்குவதில்லை. ஜனங்களுக்கு மாற்றம் என்றாலே பிடிக்காது, இரண்டு மாதம் போகட்டும், பழகிவிடும், அடுத்த முறை மாற்றும்போது இதே திரைக்காக அழுவார்கள் என்ற பதில் அவர்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறது. நிறுவனத்தின் விளம்பரப் பிரிவு இப்படிச் சொன்னால், அதன் பிழைப்பு அது என்று விட்டுவிடலாம். வடிவமைப்பைப் பற்றி எழுதுகிறவர்களும் ஊடக விமர்சகர்களும்கூட இதை ஏதோ இயற்கை விதிபோல ஒப்பிக்கிறார்கள் என்பதுதான் சங்கடம்.

இந்தப் பதில் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்திருப்பதற்குக் காரணம், அதில் கொஞ்சம் உண்மை இருப்பது. சானலின் சின்னம் மாறினால் முணுமுணுப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். பின்னணி இசை மாறினாலும் அப்படித்தான். ஆனால் வானிலை வரைபடம் அந்த வரிசையில் சேராது. நகரப் பேருந்துக்குப் புதுச் சாயம் பூசினால் யாரும் நடுத்தெருவில் நின்றுவிடப் போவதில்லை. தட எண்ணைக் கழற்றி எடுத்தால் நிற்பார்கள். திரையில் எது சாயம், எது தட எண் என்று பிரித்துப் பார்க்காமல், வருகிற புகார் எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரை குத்துவதைத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது.

பிரிட்டனில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். பிபிசியில் வானிலை அறிவிப்பாளர் முதன்முதலாக நேரலையில் தோன்றியது 1954 ஜனவரி 11 அன்று. ஜார்ஜ் கௌலிங் என்பவர் தாங்கியில் மாட்டிய வரைபடத்தின் முன்னால் நின்று பேசினார். 1975-இல் காந்த வில்லைகள் வந்தன: ஒரு மேகம், மேகத்தின் அடியில் துளிகள், மேகத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் சூரியன். நாரிச் கலைப்பள்ளியில் மாணவராக இருந்தபோது மார்க் ஆலன் வரைந்த குறிகள் அவை. நேரலையில் மேகம் நழுவி விழுவதும் அறிவிப்பாளர் அசடு வழிய அதை எடுத்து மறுபடி ஒட்டுவதும் அந்நாளைய பொழுதுபோக்கு. 1985-இல் கணினி வந்தது, காந்தம் போனது, குறிகள் மட்டும் அப்படியே திரைக்குள் ஏறிக்கொண்டன. இப்படி முப்பது ஆண்டுகள்.

2005 மே 16 அன்று பிபிசி இதையெல்லாம் ஒரே நாளில் அகற்றியது. நியூசிலாந்து வானிலைச் சேவையின் மென்பொருளைக் கொண்டு முப்பரிமாண வரைபடம் வந்தது. பச்சையாக இருந்த நாடு பழுப்பானது. குறிகள் மறைந்தன, மழை, நகரும் நீலத் திட்டுகளாக மாறியது. கேமரா ஒரு விமானம்போல நாட்டின் மேல் பறந்து சென்றது. ஆயிரக்கணக்கில் புகார்கள் குவிந்தன. ‘பழகிவிடும்’ கட்சியினர் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லும் சம்பவம் இது. பாருங்கள், நிலத்தின் நிறத்துக்கெல்லாம் ஒரு தேசமே கொதித்தது, பிறகு அடங்கிவிட்டது என்பார்கள்.

அந்தப் புகார்களைக் கொட்டிப் பார்த்தால் இரண்டு குவியலாகப் பிரியும். பழுப்பு நிறம் பிடிக்கவில்லை, பாலைவனம்போல இருக்கிறது என்றவர்கள் ஒரு குவியல். அவர்கள் பழகிக்கொண்டார்கள், சரி. இன்னொரு குவியல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. புதிய வரைபடம் தெற்கிலிருந்து சாய்வாகப் பார்க்கும் கோணத்தில் அமைந்திருந்தது. கிட்டத்தில் இருக்கும் தென் இங்கிலாந்து உப்பிப் பெரிதாகத் தெரியும். தொலைவில் இருக்கும் ஸ்காட்லாந்து சுருங்கித் தொடுவானத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிரிட்டனின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஸ்காட்லாந்து. அதைத் திரையின் உச்சியில் ஒரு கீற்றாக்கினால் என்ன ஆகும்? ஹெப்ரிடிஸ் தீவுகளுக்கும் இன்வெர்னஸுக்கும் இடையில் உள்ள தூரம் திரையில் விரல் அகலம் ஆகிவிடும். தீவுகளில் மழையா, மலையில் மழையா, கிழக்குக் கரையில் மழையா என்று பிரித்துச் சொல்ல அந்த விரல் அகலம் போதாது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் காற்றையும் மழையையும் முதலில் வாங்கும் பகுதிகளில் ஒன்று அது. எந்த இடத்தில் நுணுக்கம் அதிகம் தேவையோ அந்த இடத்தில் குறைவாகக் கொடுத்த வரைபடம் அது.

இதைத் தேசிய உணர்ச்சி என்று கேலி செய்தவர்கள் லண்டனில் நிறையப் பேர். தன்மானமும் கொஞ்சம் இருந்திருக்கும், இல்லாமல் என்ன! ஆனால் ஷெட்லாந்து மீனவர் ஒருவர் தன் கடலைத் திரையில் தேடிப் பார்த்துக் கிடைக்காமல் எரிச்சல்பட்டால், அந்த எரிச்சலுக்குக் காரணம் வரைபடத்தில் இருக்கிறதே தவிர அவர் மனநிலையில் இல்லை. பிபிசிக்கும் இது புரிந்தது. வரைபடத்தின் சாய்வைச் சீக்கிரமே குறைத்து ஸ்காட்லாந்தைப் பெரிதாக்கினார்கள். பழகக் காத்திருக்கவில்லை, திருத்தினார்கள். ஆக, ‘பழகிவிடும்’ வாதத்துக்குச் சாட்சியாகக் கூப்பிடப்படும் இந்தச் சம்பவம் எதிர்க்கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது.

எதிர்த்தரப்புக்கு நியாயம் செய்ய வேண்டிய இடமும் இதில் உண்டு. பழைய குறிகள் அழகானவை, ஆனால் சோம்பேறிகள். வேல்ஸ் முழுவதற்கும் ஒரு மேகம் ஒட்டியிருக்கும்; மழை காலையிலா மாலையிலா, வடக்கிலா தெற்கிலா என்று அது சொல்லாது. நகரும் மழைத்திட்டு, நேரத்தைச் சொல்லும். பள்ளி விடும் நேரத்துக்கு மழை வருமா என்று பார்க்கிற தாய்க்குக் காந்த வில்லையைவிட அது மேல். எனவே 2005 மாற்றம் உள்ளடக்கத்தில் ஒரு படி முன்னால், கோணத்தில் இரண்டு படி பின்னால். இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, எதிர்ப்பவன் எல்லாம் பழமைவாதி என்று சொன்னால், முன்னேற்றத்தின் நிழலில் பிழையும் நிரந்தரமாகிவிடும்.

அடுத்து, பழகுவது என்றால் என்ன? ஒரு படம் கண்ணை உறுத்தாமல் போவது. அதற்கும் புரிவதற்கும் சம்பந்தம் கிடையாது. இதற்கு உலகத்திலேயே நல்ல உதாரணம் அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையத்தின் கூம்பு. புயலின் இப்போதைய இடத்தில் ஒடுங்கலாகத் தொடங்கி, நாள் செல்லச் செல்ல விரிந்துகொண்டே போகும் அந்த வெள்ளை வடிவத்தை ஃபுளோரிடாவில் பச்சைக் குழந்தையும் அடையாளம் காட்டும். நம் இந்திய வானிலை ஆய்வுத் துறையும் 2009 முதல் புயல் பாதைக்கு இதே வகைக் கூம்பைப் போடுகிறது. நம் தொலைக்காட்சிகள் கார்த்திகை மாதத்தில் அதை வைத்தே நாள் முழுக்க ஓட்டிவிடுகின்றன. அந்தக் கூம்பு சொல்வது ஒரே ஒரு விஷயம். கடந்த ஐந்து ஆண்டுகளின் கணிப்புப் பிழைகளை வைத்துப் பார்த்தால், புயலின் மையம் மூன்றில் இரண்டு தடவை இந்த எல்லைக்குள் இருக்கும். மூன்றில் ஒரு தடவை வெளியே போகலாம். புயல் எவ்வளவு அகலம், மழை எங்கே, கடல் எங்கே ஏறும் என்பதைப் பற்றிக் கூம்பு வாயே திறப்பதில்லை.

மக்கள் படிப்பது வேறு. விரியும் கூம்பைப் பார்த்துப் புயல் பெரிதாகிக்கொண்டே போகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். கூம்புக்கு வெளியே இருந்தால் தப்பித்தோம் என்கிறார்கள். நடுவில் ஒரு கருப்புக் கோடு போட்டிருந்தால் அதை மட்டும் பார்க்கிறார்கள். 2004-இல் சார்லி சூறாவளி வந்தபோது கோடு ஃபுளோரிடாவின் டாம்பா பக்கம் காட்டியது. ஆகஸ்ட் 13 அன்று புயல் சட்டென்று கிழக்கே திரும்பி, தெற்கே கயோ கோஸ்டா தீவருகில் மணிக்கு 240 கிலோமீட்டர் காற்றுடன் கரையேறி, புன்டா கோர்டாவைப் பிய்த்துப்போட்டது. அந்தக் கரை கூம்புக்குள்தான் இருந்தது. அந்த ஆண்டுப் புயல்களின்போது ஃபுளோரிடா மக்கள் கூம்பை எப்படியெல்லாம் தவறாகப் படித்தார்கள் என்பதைப் பற்றி கென்னத் பிராட் முதலிய ஆய்வாளர்கள் 2007-இல் விரிவாகவே எழுதினார்கள்.

பிறகு மக்கள் பழகியிருக்க வேண்டுமே? 2022 செப்டம்பரில் இயன் சூறாவளி வந்தது. தொடக்கத்தில் பேச்சு முழுவதும் டாம்பாவைப் பற்றித்தான். தெற்கே லீ மாவட்டம் கூம்பின் ஓரத்தில் கிடந்தது. அங்கே மக்களை வெளியேறச் சொல்லும் உத்தரவு வந்தது 27-ஆம் தேதி, புயல் கரையேறியதற்கு முந்தைய நாள். 28 அன்று பிற்பகல் இயன் கரையேறிய இடம் எது தெரியுமா? அதே கயோ கோஸ்டா. ஃபோர்ட் மயர்ஸ் கடற்கரையில் கடல், வீடுகளின் மேல்தளம் வரை ஏறியது. பதினெட்டு ஆண்டுப் பழக்கம், அதே கரை, அதே மாதிரித் தவறான வாசிப்பு. தாமதத்துக்குப் படம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. நிர்வாகத்தின் தயக்கமும் இருந்தது. ஆனால் ஒரு படத்தோடு இத்தனை காலம் குடும்பம் நடத்திய பிறகும் அதன் எல்லைக்கோட்டை மக்கள் ஆபத்தின் எல்லைக்கோடாக நினைக்கிறார்கள் என்றால், ‘பழகிவிடும்’ என்பதற்கு என்ன பொருள்? புகார் வருவது நின்றுவிடும் என்பது மட்டும்தான்.

இந்த இடத்தில் எனக்கு எதிராக ஒரு நல்ல கேள்வி எழும். சார்லிக்குப் பிறகு நடுக்கோட்டை எடுத்துவிடலாமா என்று சூறாவளி மையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. எழுதியவர்களில் பெரும்பாலோர் கோடு இருக்கட்டும் என்றார்கள். பார்வையாளர் சொல்வதைக் கேள் என்கிறாயே, இதோ அவர்களே தங்களுக்கு ஆபத்தானதைக் கேட்கிறார்கள், என்ன சொல்கிறாய்? சொல்கிறேன். பார்வையாளரின் விருப்பத்துக்கு முடிசூட்டச் சொல்லி நான் வாதாடவில்லை. பிடித்திருக்கிறதா என்று கேட்பதும் பிடிக்காமல் போனதைப் பொறுத்திருந்து கழிப்பதும் ஒரே தவறின் இரு முனைகள். இரண்டுமே ரசனையை அளக்கின்றன. இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நீ என்ன செய்வாய் என்று இரண்டும் கேட்பதில்லை. மையம் கடைசியில் கோட்டுடன் ஒன்று, கோடில்லாமல் ஒன்று என்று இரண்டு படமும் கொடுத்தது. சமரசம் என்ற முறையில் குற்றமில்லை. தொலைக்காட்சிகள் எதை எடுத்துப் போட்டிருக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

புகார் எல்லாம் பழைய திரைமீதான ஏக்கம்தான் என்ற வாதத்துக்கு வருவோம். அமெரிக்காவின் த வெதர் சேனல் 1982 மே 2 அன்று தொடங்கியது. நாள் முழுக்க வானிலை மட்டும் காட்டும் சானலை யார் பார்ப்பார்கள் என்று சிரித்தவர்களே அதிகம். அதன் உண்மையான கண்டுபிடிப்பு ஸ்டூடியோவில் இல்லை. கேபிள் நிறுவனங்களின் கட்டுப்பாட்டு அறைகளில் வைக்கப்பட்ட வெதர்ஸ்டார் என்ற பெட்டியில் இருந்தது. செயற்கைக்கோள் வழியே நாடு முழுவதுக்கும் ஒரே ஒளிபரப்பு வரும். அதோடு மறைந்து வரும் தரவிலிருந்து தன் ஊருக்கு உரியதை மட்டும் பிரித்தெடுத்து, அந்தப் பெட்டி உள்ளூர் முன்னறிவிப்பை எழுத்தில் காட்டும். பின்னாளில் எட்டில் முடியும் நிமிடங்கள் அதற்கு ஒதுக்கப்பட்டன: எட்டு, பதினெட்டு, இருபத்தெட்டு என்று. 1990-இல் வந்த வெதர்ஸ்டார் 4000 என்ற மாடலுக்கு இன்றும் பக்தர்கள் இருக்கிறார்கள். அதன் திரையை அச்சு அசலாகக் கணினியில் போலி செய்யும் மென்பொருளை எழுதி, பழைய ஜாஸ் இசையோடு ஓடவிட்டு மகிழ்கிறார்கள். இவர்களைக் காட்டித்தான், பார்த்தீர்களா, எல்லாம் பால்ய நினைவு என்கிறது எதிர்த்தரப்பு.

பால்ய நினைவு என்பது உண்மைதான். ஆனால் அந்தத் திரை ஏன் நினைவில் நின்றது? தட்டையான நிறம், தடித்த எழுத்து, ஒவ்வொரு பக்கமும் படித்து முடிக்கும் அளவு நேரம். எல்லாவற்றையும்விட, வரிசை மாறாது. இப்போதைய நிலவரம், பக்கத்து ஊர்கள், அடுத்த ஒன்றரை நாள், அதற்கப்புறம் வரும் நாட்கள். அடுப்படியில் நிற்கிறவர் எந்தக் கணத்தில் தலையைத் திருப்பினால் நாளைய வெப்பம் தெரியும் என்று அறிந்திருந்தார். இது வடிவமைப்பின் சாதனை. தற்செயலாகப் பழைய கணினியின் ஏழ்மையில் பிறந்த சாதனை என்றாலும் சாதனைதான். இன்றைய வடிவமைப்பாளர்கள் இதன் பிக்சல் எழுத்தைக் கண்டு நகைக்கிறார்கள், வரிசையைக் கண்டு பாடம் கற்பதில்லை.

2013 நவம்பரில் அதே சானல் திரையைத் தலைகீழாக மாற்றியது. உள்ளூர் நிலவரம் திரையின் அடியில் எப்போதும், விளம்பர இடைவேளையிலும்கூட, தெரியும்படி செய்தது. கொள்கை அளவில் இது நல்ல யோசனை. எட்டாம் நிமிடம் வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. விலை என்ன? வரைபடத்துக்கான இடம் குறைந்தது, ஒரே சமயத்தில் அசைகிற பொருட்கள் கூடின. லாபமா நஷ்டமா என்பது சோதித்துப் பார்த்துச் சொல்ல வேண்டிய கணக்கு. ‘ஜனங்களுக்கு மாற்றம் பிடிக்காது’ என்பது கணக்குப் போடாமல் எழுதிவைத்த விடை. இரண்டு மாதம் கழித்து, 2014 ஜனவரியில், டைரக்டிவி என்ற செயற்கைக்கோள் நிறுவனம் கட்டணத் தகராறில் அந்தச் சானலையே தூக்கியது. ஏப்ரலில் திரும்பச் சேர்த்தபோது, வாரநாட்களில் ரியாலிட்டி நிகழ்ச்சிகளைப் பாதியாகக் குறைக்கச் சானல் ஒப்புக்கொண்டது. வானிலை பார்க்க வந்தால் வேறென்னவோ ஓடுகிறது என்ற பார்வையாளர் புலம்பல் அங்கே ஒப்பந்தத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்தது. அவர்களும் பழகியிருக்க வேண்டியவர்கள்தானே?

புதுமைக்கு எதிராக நான் கொடி பிடிக்கவில்லை. அதே சானல் 2018 செப்டம்பரில் ஃபுளோரன்ஸ் சூறாவளிக்காக விளையாட்டு மென்பொருளைக் கொண்டு ஒரு காட்சி செய்தது. அறிவிப்பாளர் நின்றிருக்க, அவரைச் சுற்றித் தெருவில் தண்ணீர் மூன்று அடி, ஆறு அடி, ஒன்பது அடி என்று ஏறியது. ஒன்பது அடியில் அவர் தலைக்கு மேலே நீர்ச்சுவர், கார் மிதக்கிறது. வித்தை காட்டுகிறார்கள் என்று மூக்கைச் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு அது இந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த வானிலைக் காட்சிகளில் ஒன்று. அமெரிக்காவில் 1963 முதல் 2012 வரை அட்லாண்டிக் புயல்களால் நேரடியாக இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரைக் கொன்றது காற்று இல்லை, புயல் தள்ளிக்கொண்டு வந்த கடல். ‘ஒன்பது அடி’ என்று எழுத்தில் போட்டால் மாடி வீட்டுக்காரருக்கு அது வெறும் எண். ஆள் உயரத்தோடு சேர்த்துக் காட்டியபோது அது முடிவெடுக்க உதவும் அளவாயிற்று. முப்பரிமாணம் 2005-இல் ஸ்காட்லாந்தைத் தின்றது, 2018-இல் உயிர் காக்கும் வேலையைச் செய்தது. நுட்பம் ஒரே குடும்பம். எந்தக் கேள்விக்குப் பதிலாக அதை இறக்கினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

2017-இல் ஹார்வி சூறாவளி டெக்சாஸில் கொட்டியபோது அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் மழை வரைபடத்தில் நிறமே தீர்ந்துபோனது. அளவுகோலின் உச்சியைத் தாண்டி மழை பெய்தது. உடனே மேலும் இரண்டு ஊதாச் சாயல்களைச் சேர்த்தார்கள். இதுவும் தோற்ற மாற்றம்தான், அதுவும் புயலின் நடுவில். இதற்கு எதிராக யார் ஏங்கினார்கள்? தேவை கண்ணுக்குத் தெரிந்தால் மாற்றம் பிடிக்காத ஜனங்களும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

அழகுக்காகச் செய்யப்படும் மாற்றங்கள் பெரும்பாலும் புகாரே இல்லாமல் நுழைந்துவிடுகின்றன என்பதுதான் இன்னும் மோசம். ரேடார் படத்தின் சதுரச் சதுரமான விளிம்புகளை மென்பொருளால் வழவழப்பாக்கினால் திரை பார்க்க நன்றாக இருக்கும். சூறைச்சுழல் உருவாகும் இடத்தில் தெரியும் கொக்கி போன்ற நுண்வடிவம் அந்த வழவழப்பில் மங்கிப்போகலாம். படம் எடுக்கப்பட்ட நேரத்தை மூலையில் மிகச் சிறிய எழுத்தில் ஒதுக்கிவிடுவது இன்னொன்று. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் விமானிகளுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது: விமானி அறைத் திரையில் தெரியும் ஒட்டுமொத்த ரேடார் படம், அதில் குறிப்பிட்ட நேரத்தைவிடப் பதினைந்து இருபது நிமிடம் பழையதாக இருக்கக்கூடும். பயிற்சி பெற்ற விமானிக்கே இதைச் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுத் திரையில் நேரக் குறிப்பை ஒடுக்கினால் யாரும் புகார் எழுதமாட்டார்கள், ஏனென்றால் எதை இழந்தார்கள் என்றே அவர்களுக்குத் தெரியாது. வசவின் அளவைக் கொண்டு மாற்றத்தை மதிப்பிடுகிறவர்களுக்கு இது வெற்றிகரமான மாற்றம்.

சோதிப்பது ஒன்றும் ராக்கெட் வித்தை இல்லை. புதிய திரையையும் பழைய திரையையும் பத்துப் பத்து விநாடி காட்டி அணைத்துவிட்டு, உங்கள் ஊரில் நாளை எத்தனை மணிக்கு மழை, வெளியேற வேண்டுமா, இந்தப் படம் எப்போது எடுத்தது என்று மூன்று கேள்வி கேட்டால் போதும். ஷெட்லாந்தில் இருப்பவரையும் நிறக்குருடு உள்ளவரையும் கண்புரை உள்ள பாட்டியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பச்சை சிவப்பு பிரித்தறியாத ஆண்கள் ஐரோப்பிய வம்சாவளியில் சுமார் 8 விழுக்காடு. பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும் ரேடார் அளவுகோலை அவர்கள் முன்னால் வைத்துப் பார்த்தாலே பாதி வடிவமைப்புக் கூட்டங்கள் முடிந்துவிடும்.

கூம்பு விஷயத்தில் சூறாவளி மையம் ஒருவழியாக இப்படித்தான் நகர்ந்தது. 2024 ஆகஸ்டில், கரையோரத்தோடு நிற்காமல் உள்நாட்டு மாவட்டங்களுக்கான எச்சரிக்கைகளையும் நிறமிட்டுக் காட்டும் புதிய கூம்புப் படத்தைச் சோதனை என்று பெயர் சொல்லியே வெளியிட்டது. கருத்துகளை எழுதச் சொல்லிக் கேட்டது. பழைய கூம்பை எடுத்துவிடவில்லை. அந்தப் பருவத்தின் புயல்களுக்கெல்லாம் இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் வந்துகொண்டிருந்தன.